தன்னந்தனியாக ஆறு பேர்

என் தம்பியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முகத்தைச் சொன்னால் யோசிப்பீர்கள், தொப்பியைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஒரு பக்கம் மடங்கிய காக்கித் தொப்பி, முழங்கால் வரைக்கும் பை மேல் பையாகத் தைத்த கால்சட்டை, இடுப்பில் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய கத்தி. 'தப்பிச்சா சரி' நிகழ்ச்சியில் வந்த காட்டான், அவன்தான். என்னையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் பார்த்திருக்க மாட்டீர்கள். நடுநடுவே ஒரு பொம்பளை கத்துவாளே, அது நான்.

பார்க்காத புண்ணியவான்களுக்குச் சொல்லிவிடுகிறேன். காட்டிலும் பாலைவனத்திலும் ஒரு ஆள் தனியாகப் போய், வண்டைத் தின்று, சேற்றைப் பிழிந்து குடித்து, உயிர் பிழைத்துக் காட்டும் நிகழ்ச்சிகள் எல்லாச் சேனலிலும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த ஆள் வேண்டுமென்றே காட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டு பிழைத்து வருகிறார், அதற்குக் கைத்தட்டல். நாங்கள் தினமும் காலையில் பஸ்ஸில் தொங்கி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் தலையைச் சொறிந்து பிழைக்கிறோமே, அதுவும் பிழைப்புதானே, அதை எவன் படம் பிடித்தான்? இந்த எரிச்சலில் எழுதியதுதான் 'தப்பிச்சா சரி'.

காட்டான் காட்டுக்கே போக மாட்டான். பல் டாக்டரின் வெயிட்டிங் அறையில் மாட்டிக்கொள்வான், பழைய வாரப் பத்திரிகைகளை அடுக்கிக் குடிசை கட்டுவான். பெரிய பர்னிச்சர் கடைக்குள் வழி தெரியாமல் போய், திரும்பி வர அடையாளத்துக்கு பிஸ்கட் தூளைப் போட்டுக்கொண்டே நடப்பான், பின்னாலேயே கூட்டுகிற அம்மா கூட்டிக்கொண்டே வருவார். அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே பதுங்கிக் கிடந்து, கேமராவைப் பார்த்துக் கிசுகிசுப்பான்: "அதோ, கையில பேப்பரோட எழுந்திருக்குது பாருங்க, அதுதான் செயலாளர். அது பேச ஆரம்பிச்சா சூரியன் சாயற வரைக்கும் நிறுத்தாது. அசையாதீங்க."

முதல் படப்பிடிப்பு ஒரு கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வண்டி நிறுத்துமிடத்தில். காட்டான் தன் ஸ்கூட்டரை எங்கே விட்டோம் என்று தெரியாமல் தவிக்கிறான். எங்களிடம் காசு கிடையாது. அதனால் வசனம் எழுதிய நானே மைக் கட்டிய கம்பையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலி. என்னோடு கேமராக்காரர், லைட்டு பிடிப்பவர், ஒலிக்காரர், எடிட்டர், வண்டி ஓட்டுபவர் என்று ஆறு பேர் வேர்த்து ஊற்றிக்கொண்டு நிற்கிறோம். இவன் கேமராவைப் பார்த்து, தொண்டை கம்ம, "நான் இங்க தன்னந்தனியா நிக்கிறேன், சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா இல்ல" என்றானே பார்க்கணும்.

"அப்ப எங்களைப் பாத்தா ஆளா தெரியலையா?" என்று கத்திவிட்டேன்.

எழுதி வைத்துக் கத்தவில்லை, வயிற்றெரிச்சலில் வந்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. காதிலேயே விழாதவன் மாதிரி விரலை நக்கி மேலே நீட்டி, "காத்து வடக்கால இருந்து வருது" என்றான். மேலே ஏசி மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சாமர்த்தியம் அவனுக்கு மட்டும்தான் வரும்.

எடிட்டர் என் கத்தலை வெட்டாமல் விட்டுவிட்டார், அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் அவன் தன்னந்தனியா என்பான், நான் ஆளா தெரியலையா என்பேன், அவனுக்குக் கேட்காது. ஒரு தடவைகூட அவன் பதில் சொன்னது கிடையாது. அதில்தான் சிரிப்பே. போகப்போக அந்த ஒரு இடத்தில் மட்டுமில்லை, அவன் எதைச் சொன்னாலும் முடிவில் ஒரு மூச்சளவு நிறுத்துவான், நான் அந்தச் சந்தில் எதையாவது செருகுவேன். எடிட்டர் அதற்குப் பேரே வைத்துவிட்டார், 'அக்கா கேப்' என்று. வசனத் தாளில் என் வரியை நான் எழுதுவதே இல்லை. அவன் வரிக்குக் கீழே அக்கா கேப் என்று போட்டுவிடுவேன், அந்த நேரத்துக்கு வாயில் வருவதுதான்.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்காது. "ஊரே பாக்குது, கூடப் பொறந்தவனை இப்படியாடி அதட்டுவ?" என்பாள்.

"அது நடிப்பும்மா."

"நீ நடிக்கிறியா? எனக்குத் தெரியாதா உன்னை?"

அதுவும் நியாயம்தான். சின்ன வயதில் தம்பிக்குப் பேச்சு மெதுவாக வரும். குறை ஒன்றும் இல்லை, வார்த்தையைத் தேடித் தேடி எடுப்பான். "அக்கா, எனக்கு…" என்று நிற்பான். எனக்குப் பொறுமை ஏது? "தண்ணி வேணும், அவ்வளவுதானே, இந்தா" என்று முடித்து வைப்பேன். அத்தை, மாமா, வாத்தியார், யார் என்ன கேட்டாலும் அவன் ஆரம்பிப்பான், நான் முடிப்பேன். டிவியில் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் நடந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டினோம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சாயங்காலம் அவன் அறைக்குப் போனேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தான். வாசலில் ஒரு ஜோடி ஷூ. கணுக்கால் வரை ஏறுகிற, அடியில் பல் பல்லாய் ரப்பர் வைத்த, நிஜமான காட்டு ஷூ. எங்கள் நிகழ்ச்சியில் அவன் போட்டுக்கொள்வது ரப்பர் செருப்பு.

"என்னடா இது?"

"ஷூ."

"ஷூன்னு எனக்கும் தெரியுது. யாருக்கு?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். அவன் ஜன்னலைப் பார்த்தால் பெரிதாக எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். "அக்கா, பெரிய சேனல்ல ஒரு…" என்று நிறுத்தினான்.

"ஒரு என்ன, ஷோவா? உனக்கா? என்ன ஷோ?"

"நிஜக் காடு."

விஷயம் மெல்ல வெளியே வந்தது. பெரிய சேனல்காரர்கள் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கேலி எல்லாம் வேண்டாம், நிஜமான காட்டில் நிஜமாகவே பிழைத்துக் காட்டுகிற நிகழ்ச்சி. சிரிப்புக்காரன் அழுது சேற்றில் புரண்டால் ஜனங்கள் பார்ப்பார்கள் என்று அங்கே இருந்த தயாரிப்பாளர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த ஆளை நான் பிற்பாடு பார்த்தேன். எதைச் சொன்னாலும் "கரெக்ட்" என்பார், பிறகு அதற்கு நேர் எதிராகச் செய்வார். கரெக்ட் என்றே நாங்கள் பேர் வைத்துவிட்டோம். கரெக்ட் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: அந்தப் பெண் குரல் இருக்கக் கூடாது.

"பல்லியப் பாத்தா கட்டில் மேல ஏறுறவன்டா நீ," என்றேன். "காட்டுல கட்டில் இருக்காது."

"தெரியும்கா."

"அட்டை இருக்கும். கால்ல ஏறும், ரத்தம் குடிக்கும். அட்டைக் கத்தி இல்ல, நிஜ அட்டை."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குடா உனக்கு இந்த வேலை? இங்க என்ன குறை? ஊர்ல குழந்தைங்கல்லாம் உன்னைப் பாத்தா…"

"சிரிக்குதுங்க," என்றான். நான் ஆரம்பித்ததை அவன் முடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. "பஸ்ல போனா சிரிக்கிறாங்க. பல்லு வலின்னு டாக்டர்கிட்ட போனேன், அவரும் சிரிக்கிறாரு. தப்பு சொல்லல. ஆனா எத்தனை நாளைக்குக்கா நான் ஜோக்காவே இருக்கிறது?" கொஞ்ச நேரம் ஷூவின் நாடாவை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் நீயே முடிச்சிடற. ஒரே ஒரு தடவ, நானா ஆரம்பிச்சு நானா முடிச்சுப் பாக்கறேனே."

எனக்குச் சுருக்கென்றது. வலித்தால் நான் அழ மாட்டேன், கத்துவேன். "போ. போய்த் தன்னந்தனியா நில்லு. இத்தனை வருஷம் உன் பின்னாடி கம்பைப் பிடிச்சிட்டு நின்னவளைப் பாத்தா ஆளா தெரியலல்ல, போ!" என்றேன். நிகழ்ச்சியில் கத்துகிற அதே வரிதான். வழக்கம்போல அவனும் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை.

அவன் போய்விட்டான். காட்டான் இல்லாமல் 'தப்பிச்சா சரி' ஏது? நிறுத்திவிட்டோம். நான் மேஜையில் உட்கார்ந்து வேறு ஏதாவது எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் ஒரு வரி எழுதிவிட்டு, கீழே அக்கா கேப் என்று கை தானாகப் போட்டது. பேனாவை எறிந்துவிட்டு எழுந்து போவேன்.

ஒரு நாள் அம்மாவுக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். சீட்டை நீட்டி, "இதுல ரெண்டு அட்டை குடுங்க" என்றேன், அவ்வளவுதான். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதானே அது? குரலை வச்சே கண்டுபிடிச்சிட்டேன் பாருங்க. ஒரு தடவ சொல்லுங்களேன், எங்க வீட்ல போன்ல கேக்கட்டும்" என்று போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். எனக்கு வாயே வரவில்லை. கத்துவதற்கு எதிரே ஒருத்தன் வேண்டும். அவன் தன்னந்தனியா என்று சொன்னால்தான் நான் ஆள். அவன் சொல்லாவிட்டால் மருந்துக்கடையில் நிற்கிற யாரோ ஒருத்தி. மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதுதான் என்னை அரித்தது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அங்கே ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். நான் இல்லாமலே அவன் நன்றாகச் செய்துவிட்டால் என்ற பயம் இன்னொரு பக்கம். எது பெரிது என்று அம்மா கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

படப்பிடிப்பு முடிந்து அவன் காய்ச்சலோடு திரும்பி வந்தான். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனான். "உடம்பெல்லாம் கீறல்டி" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். நான் கேட்கிற மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

சில நாள் கழித்து எடிட்டரிடமிருந்து போன். எங்கள் நிகழ்ச்சியை வெட்டி ஒட்டிய அதே ஆள்தான், இப்போது பெரிய சேனலில் வேலை. என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும். "மேடம், உடனே கிளம்பி வாங்க. உங்க கேப் என் உசிரை வாங்குது."

போனேன். எடிட்டிங் அறை ஜில்லென்று இருந்தது. திரையில் என் தம்பி. அவனை அடையாளமே தெரியவில்லை. தாடி, உள்ளே போன கண், வெடித்த உதடு. ஒரு பள்ளத்தில் குந்தி, ஈரச் சுள்ளியை வைத்துக்கொண்டு நெருப்பு மூட்டுகிறான். அணைகிறது. மறுபடி. அணைகிறது. மறுபடி. ஊதி ஊதிக் கண்ணில் தண்ணீர். கடைசியில் ஒரு சின்னச் சுடர் வந்தது. அவன் கேமராவைப் பார்த்து, "வந்துடுச்சு" என்றான். சொல்லிவிட்டுக் கேமராவுக்கு இடது பக்கம் கொஞ்சம் கீழே பார்த்தபடி அப்படியே இருந்தான். ஒரு மூச்சு. பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனான்.

"பாத்தீங்களா?" என்றார் எடிட்டர். "ஒவ்வொரு வரிக்கும் இப்படித்தான். சொல்றாரு, அங்க பாக்கறாரு, நிறுத்தறாரு. வெட்டினா ஒட்ட மாட்டேங்குது, முகம் துள்ளுது. வெட்டாம விட்டா யாருக்கோ காத்திருக்கிற மாதிரி இருக்கு."

கேமராவுக்கு இடது பக்கம் கொஞ்சம் கீழே. மைக் கம்பைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் நான் உட்கார்ந்துவிடுகிற இடம்.

அங்கேயும் ஆட்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆறு பேரைவிட அதிகம். சமையல்காரர், டாக்டர், கேமராவே மூன்று. ஆனால் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. இத்தனை பேர் சுற்றி நின்று அவன் தனியாக இருப்பதைப் படம் பிடித்தார்கள். எங்கள் நிகழ்ச்சி அதைக் கேலி செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு கரெக்ட் வந்தார். உட்காரவில்லை. "மேடம், நல்லவேளை வந்தீங்க. ஓப்பனா சொல்றேன், சீரியஸா எடுத்தது எடுபடல. ஆனா இந்த கேப் இருக்கே, தங்கம்! எல்லா கேப்லயும் உங்க குரலைப் போடுங்க. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். தம்பிகிட்ட இப்ப சொல்ல வேண்டாம், டிவியில பாத்து ஆச்சரியப்படட்டும்."

பொய் சொல்ல மாட்டேன், மனசு குதித்தது. நான் இல்லாமல் ஆகாது என்று வந்துவிட்டார்கள் பார்த்தாயா? யார் வேண்டாம் என்றார்களோ அவர்களே கூப்பிடுகிறார்கள். 'கண்ணைத் தொடைடா, நெருப்பு உனக்குப் பயந்து ஓடுது' என்று நெருப்புக் காட்சிக்கு வரிகூட நாக்கில் வந்து நின்றது. நேராகக் குரல் பதிகிற கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

எடிட்டர் முக்கியமான காட்சியிலிருந்து ஆரம்பித்தார். மழை. சாதாரண மழை இல்லை, ஆளை அறைகிற மழை. தம்பி ஒரு பாறைக்கு அடியில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறான். கழுத்தில் ஒரு அட்டை கொழுத்துத் தொங்குகிறது. பல்லியைப் பார்த்தாலே அலறுகிறவன், அந்த அட்டையை இரண்டு விரலால் மெதுவாக நகர்த்தி எடுத்துக் கீழே விட்டான். நிமிர்ந்து, "நான் இங்க தன்னந்தனியா இருக்கேன்" என்றான்.

நடிப்பு இல்லை. தொண்டை கம்மவில்லை. உள்ளதைச் சொன்னான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எடிட்டர் கையை அசைத்தார், பேசுங்கள் என்று. நான் மூச்சை இழுத்தேன். என் வரி வாய் வரைக்கும் வந்துவிட்டது. அப்போது ஹெட்போனில், மழைச் சத்தத்துக்கு அடியில், ஏதோ கேட்டது.

"என்ன அது? திரும்பப் போடுங்க," என்றேன்.

"எது மேடம்? அங்க ஒண்ணும் இல்ல, மழைதான்."

"போடுங்கங்கறேன்ல!"

போட்டார். தன்னந்தனியா இருக்கேன் என்கிறான். இடது பக்கம் கீழே பார்க்கிறான். ஒரு மூச்சு போகிறது, என் வரியின் நீளம். அது முடிந்ததும் அவன் உதடு லேசாக அசைகிறது.

"தெரியுதுக்கா."

அவ்வளவுதான். நான் கேட்காத கேள்விக்குப் பதில். இத்தனை வருஷம் கத்தியும் ஒரு தடவைகூடச் சொல்லாத பதில். அந்த மழையில், அட்டைக்கும் குளிருக்கும் நடுவில், யாருக்கும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறான். ஹெட்போனைக் கழற்றவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இரண்டு பேரும் பார்க்கிறார்கள் என்பதால் அழாமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

'தப்பிச்சா சரி'யில் அவன் பேசியதெல்லாம் நான் எழுதிக் கொடுத்தது. இது நான் எழுதாத வசனம். அவனே ஆரம்பித்து, அவனே முடித்தது. இதற்கு முன்னால் என் கத்தலைச் செருகினால் என்ன ஆகும்? ஊரே சிரிக்கும். அவன் இதுவும் ஜோக்குதான் போலிருக்கிறது என்று தொப்பியை மறுபடி மாட்டிக்கொள்வான். அதோடு முடிந்தது.

வெளியே வந்தேன். "நான் பேச மாட்டேன்."

"கரெக்ட்," என்றார் கரெக்ட். "ஏன்?"

"அவன் எதுக்குப் போனானோ அதைச் செஞ்சிட்டான். நடுவுல நான் எதுக்கு?"

"மேடம், அப்ப கேப்பை எல்லாம் வெட்டத்தான் வேணும்."

"வெட்டினா முகம் துள்ளுதுன்னு இவரே சொல்றாரு. எதுவும் பண்ணாதீங்க, அப்படியே விடுங்க. பாக்கறவங்க பாத்துக்குவாங்க. வேற யார் குரலையாவது போடலாம்னு நினைக்காதீங்க, மருந்துக்கடைக்காரர் வரைக்கும் என் குரல் தெரியும், உங்க மானம்தான் போகும்."

எடிட்டர் தலையைச் சொறிந்தார். "மழை சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சா நல்லா இருக்கும் சார்," என்றார் மெதுவாக. அவருக்கும் கேட்டிருக்கிறது.

"கரெக்ட், கரெக்ட்," என்று சொல்லிக்கொண்டே கரெக்ட் போய்விட்டார். அந்த ஆள் கரெக்ட் என்றால் நேர் எதிராகத்தான் செய்வார். வெட்டுவாரா, விடுவாரா, யாரையாவது கத்தவைப்பாரா என்று ஒளிபரப்பாகும் நாள் வரைக்கும் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா அவனைக் கூப்பிட்டுவிட்டாள். "உன் அறையில தனியா உக்காந்து பாக்க வேணாம், இங்க வா" என்றாளாம். வந்தான். காலில் கட்டு. என்னைப் பார்த்து, "நல்லா இருக்கியா?" என்றான். "இருக்கேன்" என்றேன். சோபாவின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நான், நடுவில் அம்மா. நான் எடிட்டிங் அறைக்குப் போனது அவனுக்குத் தெரியாது.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. திரையில் தம்பி முதுகுப் பையோடு காட்டுக்குள் நுழைந்து, "இனிமே நான் தன்னந்தனியா" என்றான். கேப் அப்படியே இருந்தது. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து குழந்தைகள் கூட்டமாகக் கத்தின: "ஆளா தெரியலையா!" மேல் மாடியிலிருந்து ஒரு ஆள் கத்தினார். தெருவே சிரித்தது.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். "இதுக்கும் சிரிக்கிறாங்க" என்றான். யாரிடமும் சொல்லவில்லை, கட்டுப் போட்ட காலைப் பார்த்துச் சொன்னான். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. வெட்டவே சொல்லியிருக்கலாமோ?

அடுத்த கேப்பிலும் கத்தினார்கள். அதற்கடுத்ததில் குழந்தைகள் மட்டும். ஆற்றைக் கடக்கும்போது அவன் வழுக்கி விழுந்து, பை அடித்துக்கொண்டு போய், வெறுங்கையோடு கரையேறி, "போனா போகுது" என்று சொல்லிவிட்டு நிறுத்தினான். எதிர் வீட்டில் சத்தம் இல்லை. நெருப்பு அணைந்து அணைந்து கடைசியில் பிடித்தபோது மேல் மாடிக்காரர் கை தட்டியது கேட்டது. தம்பி நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தான்.

பிறகு மழை வந்தது. பாறை, அட்டை, அதை எடுக்கிற விரல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் இங்க தன்னந்தனியா இருக்கேன்" என்றான் திரையில்.

எதிர் வீட்டில் ஒரு குழந்தைகூடக் கத்தவில்லை. ஆனால் எனக்குப் பக்கத்தில் இருந்தவள் பொறுக்க மாட்டாமல் எழுந்து நின்றுவிட்டாள். "ஏன்டா, அப்ப எங்களைப் பாத்தா ஆளா தெரியலையா?" என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள் அம்மா. நடிப்பா? குரல் உடைந்து, கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

"தெரியுதுக்கா," என்றது டிவி. எடிட்டர் மழையை நன்றாகக் குறைத்திருந்தார்.

அம்மா திகைத்து நின்றாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, "பெத்தவ நான் கேக்கறேன், அக்காங்கறான் பாரு!" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போய்விட்டாள்.

சோபாவில் நானும் அவனும், நடுவில் அம்மா உட்கார்ந்த பள்ளம். அவன் காது சிவந்திருந்தது.

"அது கேக்காதுன்னு நினைச்சேன்," என்றான்.

"கேட்டுச்சு."

விளம்பரம் ஓடியது. அவன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். "அக்கா, நான் அங்க…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

பயந்துட்டேன். தனியா தவிச்சேன். உன்னை நினைச்சேன். முடிக்க எனக்கு மூன்று விதமாக வந்தது. நாக்கைப் பல்லுக்குள் பிடித்துக்கொண்டேன். அவனைப் பார்த்தால் அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்று டிவியைப் பார்த்தேன். சோப்பு விளம்பரம் முடிந்தது, குக்கர் விளம்பரம் வந்தது, அதுவும் முடிந்தது. இவ்வளவு நேரம் யார் பேச்சுக்கும் நான் காத்திருந்தது கிடையாது.

"…நல்லா பண்ணேன்ல?" என்றான்.

"ரொம்ப நல்லா பண்ணடா," என்றேன். அதற்கு மேல் நான் எதையும் சேர்க்கவில்லை.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். சாய்ந்தவன் சட்டென்று விறைத்தான். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில், அவன் தலைக்கு நேர் மேலே, சுவரில் ஒரு பல்லி. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒரு வார்த்தை பேசாமல், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து வந்து என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டான்.

எத்தனை வரி வந்தது தெரியுமா எனக்கு! ஒன்றையும் சொல்லாமல், அவனுக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டேன்.